கடலடி மண் உருளையை வாசிக்கப் பழகுதல்: கடல்மட்டத்தின் தடம் எது, காலநிலையின் தடம் எது?

கரையிலிருந்து கடலுக்குள் ஆழமின்றி நீளும் கண்டத்திட்டின் அடியிலிருந்து எடுத்துவந்த மண் உருளையை முதன்முறையாக மேசைமேல் கிடத்திப் பிளந்து பார்ப்பவருக்கு அது பெரும்பாலும் ஏமாற்றத்தையே தரும். மேலே சாம்பல் நிறச் சேறு இருக்கும். அதனடியில் நொறுங்கிய சிப்பிகள் கலந்த மணல், பிறகு மீண்டும் சேறு. சேறு மணலாக மாறுகிற அந்தக் கோட்டில் பதிந்திருப்பது கடல் ஏறிய செய்தியா, ஆற்றில் வெள்ளம் குறைந்த செய்தியா என்பதில்தான் புதியவர் தடுமாறுகிறார். பாடநூல்களோ ‘கடல்மட்ட, காலநிலை மாற்றங்கள்’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகின்றன. பனிப்பாறைகள் உருகியபோது கடலும் உயர்ந்தது, மழையும் மாறியது என்பதால், ஒன்றின் தடத்தை மற்றொன்றின் தடமாக எண்ணிவிடுவது மிக எளிது. அவ்விரண்டையும் பிரித்தறியும் முறையை இக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது. எடுத்துக்காட்டாக, கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் வங்காள விரிகுடாவின் வடகோடியை எடுத்துக்கொள்வோம். இவ்விரு தடங்களும் அங்கு அவ்வளவு பெரிய அளவில் பதிந்திருக்கின்றன.

தொடங்கும் முன் மனத்தில் கொள்ளவேண்டியவை

ஓர் இடத்தில் படிவு சேர்வதை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன. ஒன்று, வண்டல் வரத்து: ஆறு எவ்வளவு கொண்டுவருகிறது என்பது. மற்றது, வந்த வண்டல் தங்குவதற்குக் கடலடியில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பது. இந்த இரண்டாவது அளவை நான் கொள்ளிடம் என்றே எழுதிவருகிறேன். காவிரியின் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் ஆற்றுக்கு நம் முன்னோர் இட்ட பெயர், வண்டலை வாங்கிக்கொள்ளும் இடத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. கடல்மட்டம் உயர்ந்தால் கொள்ளிடம் கூடும். தரை தாழ்ந்தாலும் கூடும். வரத்தோ பெரும்பாலும் மழையையும், மலையின் அரிப்பையும், நிலத்தைப் போர்த்தியிருக்கும் தாவரங்களையும் பொறுத்தது. கொள்ளிடம் வரத்தைவிட வேகமாகக் கூடினால் கடற்கரை நிலத்தை நோக்கி நகரும். வரத்து விஞ்சினால் கடலை நோக்கி நகரும். ஆகவே, கரை நகர்ந்தது என்பதை மட்டும் கண்டுவிட்டுக் கடல் ஏறியது என்றோ இறங்கியது என்றோ எழுதிவிடக் கூடாது.

முதல் படி: ஆழ வரைபடம்

உருளையைத் தொடுவதற்கு முன், அது எடுக்கப்பட்ட இடத்தின் ஆழ வரைபடத்தை விரித்துக்கொள்ளுங்கள். உலகப் பெருங்கடல்களுக்கான ஜெப்கோ ஆழத் தரவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தொடங்குவதற்கு அது போதும். கரையிலிருந்து கண்டத்திட்டின் விளிம்புவரை ஒரு குறுக்குவெட்டு வரைந்து, 20, 60, 120 மீட்டர் ஆழக் கோடுகள் எங்கே வருகின்றன என்று குறியுங்கள். வங்காளத் திட்டில் இப்படி வரைந்தால் மூன்று செய்திகள் உடனே தெரியும்: கரையோரமாக நீருக்கடியில் இன்றும் வளர்ந்துகொண்டிருக்கும் டெல்டாவின் மென்சரிவு, அதற்கு அப்பால் பரந்த, தட்டையான வெளித்திட்டு, இரண்டையும் வெட்டிக்கொண்டு ஆழ்கடலுக்கு இறங்கும் பெரும் பள்ளத்தாக்கு. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கித் தரை தட்டாமல் போன பழைய ஆங்கிலேய மாலுமிகள் அந்தப் பள்ளத்துக்கு ‘அடியில்லாப் பட்டை’ என்ற பொருள்பட ஸ்வாட்ச் ஆஃப் நோ கிரவுண்ட் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பள்ளம் இருப்பதை நினைவில் வையுங்கள்; ஏழாம் படியில் அது நமக்கு ஒரு சிக்கலை உண்டாக்கப் போகிறது.

இரண்டாம் படி: கடல்மட்டக் காலக்கோடு

ஒரு தாளில் இடமிருந்து வலமாகக் கடந்த 27,000 ஆண்டுகளைக் கோடாக இழுத்து, உறுதியாகத் தெரிந்த சில புள்ளிகளை அதில் குறியுங்கள். சுமார் 26,500 முதல் 19,000 ஆண்டுகளுக்கு முன்புவரை நீடித்த கடைசிப் பனிக்கால உச்சத்தில், கடல் இன்றைய மட்டத்தைவிட ஏறத்தாழ 120 முதல் 130 மீட்டர் தாழ்ந்திருந்தது. அதன்பின் பனி உருகத் தொடங்கி, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தை நெருங்கியது. சராசரியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் ஏற்றம். ஆனால் ஏற்றம் சீராக நடக்கவில்லை. சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன், ஐந்நூறு ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில், கடல் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டம் ஒன்று இருந்தது. பார்படோஸ் தீவின் பவளப்பாறைகளைத் துளையிட்டு ஆராய்ந்த ரிச்சர்ட் ஃபேர்பேங்க்ஸ் 1989இல் அதை வெளிப்படுத்தினார். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுள்ள திட்டில், ஆண்டுக்கு நான்கு சென்டிமீட்டர் ஏற்றம் என்பது கரை ஆண்டுக்கு 40 மீட்டர் பின்வாங்குவதற்குச் சமம். கடல்கோள் என்றதும் ஒரே இரவில் ஊரை விழுங்கிய அலையை நினைத்துக்கொள்பவர்களுக்கு இந்தக் கணக்கை நான் போட்டுக் காட்டுவதுண்டு. பிழைப்பை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு வேகம்தான். ஓடித் தப்பவேண்டிய வேகம் அல்ல.

இந்தக் காலக்கோடு உலகச் சராசரி என்பதையும், உங்கள் கரையின் கடல்மட்டம் அதிலிருந்து விலகக்கூடும் என்பதையும் அதன் ஓரத்திலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பனிச்சுமை நீங்கிய பின் பூமியின் மேலோடும் கடல்தளமும் மெல்லச் சமன்பட்டதால், பனிப்பரப்புகளுக்குத் தொலைவிலுள்ள பல கரைகளில் கடல் இன்றைய மட்டத்துக்குச் சற்று மேலே ஏறிப் பிறகு இறங்கியது. இராமேசுவரம் தீவில் இன்றைய கடலுக்கு மேலே இறந்து நிற்கும் பவளத் திட்டு அதற்குச் சான்று. அதன் பவளத்துக்குச் சுமார் 4,000 ஆண்டு வயது கணிக்கப்பட்டிருக்கிறது. வங்காளத்திலோ டெல்டாவே தன் சுமையால் அமிழ்ந்துகொண்டிருப்பதால் அங்கே கணக்கு வேறு. ஓரிடத்தின் கோட்டை எடுத்து இன்னோர் இடத்தில் ஒட்டுவது இத்துறையில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

மூன்றாம் படி: உருளையைப் பிளந்து முதலில் நிறத்தைப் பாருங்கள்

பிளாஸ்டிக் குழாயை இருபுறமும் நீளவாக்கில் அறுத்த பிறகு, உள்ளிருக்கும் மண்ணை மெல்லிய கம்பியாலோ மீன்பிடிக்கும் தங்கூசி நரம்பாலோ இரண்டாகப் பிளப்பது வழக்கம். பிளந்த முகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யும்போது கத்தியைக் குறுக்குவாக்கில் மட்டுமே இழுக்கவேண்டும். நீளவாக்கில் இழுத்தால் மேலடுக்கின் சேறு கீழடுக்கின்மேல் பூசப்பட்டு, இல்லாத கலப்பு இருப்பதுபோல் தோன்றும். உடனே படம் எடுத்து, மன்செல் வண்ண அட்டையை அருகில் வைத்து நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றுப்படாமல் இருந்த சாம்பல், பச்சைச் சாயல்கள் காற்றுப்பட்ட சில மணி நேரத்திலேயே பழுப்பாக மாறத் தொடங்கிவிடும்; தேநீர் குடித்துவிட்டு வந்து எழுதலாம் என்பவருக்கு அந்தச் செய்தி கிடைக்காது.

நிறத்துக்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. வங்காள டெல்டாவில் துளையிட்டால் மேலே பத்துப் பத்து மீட்டராகச் சாம்பல் நிற மணலும் சேறும் வரும்; பிறகு சில இடங்களில் திடீரென்று செம்பழுப்பான, இறுகிய களிமண் தட்டுப்படும்; அதன்கீழ் ஆரஞ்சு நிற மணல் கிடக்கும். அந்தக் களிமண், கடல் 120 மீட்டர் தாழ்ந்திருந்த காலத்தில் ஆறுகள் தங்கள் படுகையை ஆழமாக வெட்டிக்கொண்டு இறங்கிவிட, வெள்ளம் எட்டாத மேடாக நின்ற நிலத்தில் உருவான பழைய மண்தளம். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்ததால் அதிலிருந்த இரும்பு துருவேறிச் சிவந்தது. வங்கதேசத்தில் கைக்குழாய்க் கிணறு தோண்டுபவர்கள் இந்த நில வரலாறு எதையும் படித்ததில்லை. ஆயினும் வெளியே வரும் மணலின் நிறத்தைப் பார்த்தே தண்ணீரின் தரத்தைச் சொல்கிறார்கள். சாம்பல் மணலின் நீரில் ஆர்செனிக் மிகுந்திருப்பதும், செம்மணலின் நீரில் அது மிகக் குறைவாக இருப்பதும் ஆய்வுகளில் உறுதியாகியிருக்கின்றன. 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய கடல்மட்டம் இன்று ஒரு குடும்பம் குடிக்கும் தண்ணீரைத் தீர்மானிக்கிறது.

உங்கள் உருளையில் இத்தகைய செம்பழுப்புத் தளமோ, வேர்த் துளைகளோ, சுண்ணாம்புக் கட்டிகளோ தென்பட்டால், அந்த இடம் ஒருகாலத்தில் கடலுக்கு வெளியே இருந்தது என்று கொள்ளலாம். அதற்கு மேலே சிப்பித் துண்டுகளும் சரளையும் நெருக்கமாகக் கிடக்கும் மெல்லிய அடுக்கு இருந்தால், கடல் ஏறிவந்தபோது அலைகள் பழைய கரையை அரித்து, கனமானவற்றை மட்டும் விட்டுச்சென்ற தளமாக அது இருக்கக்கூடும். அடுத்தடுத்துக் கிடந்த சூழல்களே இடையில் முறிவு இல்லாதபோது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் என்று ஜெர்மானிய நிலவியலாளர் யோகானஸ் வால்தர் 1894இல் சொன்ன விதியை இங்கே பயன்படுத்துங்கள். நிலமண்ணுக்கு நேர்மேலே, உப்பங்கழிச் சேறும் கடற்கரை மணலும் இல்லாமல், ஆழ்நீர்ச் சேறு இருக்குமானால், நடுப்பக்கங்கள் கிழிக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள்.

நான்காம் படி: சல்லடையும் உருப்பெருக்கியும்

மண்ணை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள்: மணல் உறுத்தும், களி வழுவழுக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள நுண்வண்டலை விரல் கண்டுபிடிக்காது. பழைய ஆட்கள் துளியை முன்பல்லில் வைத்து நறநறப்பைப் பார்ப்பார்கள்; துறைமுகத்துச் சேற்றிலும் ஆர்செனிக் உள்ள இடங்களிலும் அதைச் செய்யவேண்டாம். ஆய்வகத்தில் 63 மைக்ரான் சல்லடையில் ஊற்றிக் கழுவினால் மணல் தங்கும், சேறு இறங்கும். இறங்கிய நீரை வாளியில் பிடித்துத் தெளியவைத்து, உலர்த்தி, எடைபோடவேண்டும். என் முதல் மாதிரியில் மணலை மட்டும் பத்திரப்படுத்திக்கொண்டு, சேற்று நீரைத் தொட்டியில் கொட்டிவிட்டேன். பாதிக்கு மேற்பட்ட எடையும் களிமண் கனிமங்கள் அனைத்தும் அத்தோடு போயின.

இப்போது அந்த மணலின் இடத்தைப் பாருங்கள். ஆற்றிலிருந்து தொலைவு கூடக்கூட மண் நுண்மையாகவேண்டும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் திட்டுகளில் அப்படி இல்லை என்பதை ஃபிரான்சிஸ் ஷெப்பர்ட் 1932இலேயே சுட்டிக்காட்டினார். கரையோரம் சேறும், கரைக்கு வெகுதொலைவில் 100 மீட்டர் ஆழத்தில் பருமணலும் கிடப்பதுண்டு. அந்தப் பருமணலை இன்றைய ஆறோ இன்றைய அலையோ அங்கே கொண்டுசேர்க்கவில்லை; கடல் தாழ்ந்திருந்தபோது கரை அங்கே இருந்தது, அந்தக் கரையின் மணல் இன்னும் மூடப்படாமல் கிடக்கிறது. உலகத் திட்டுகளின் பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு இத்தகைய எச்சப் படிவுதான் என்று கே. ஓ. எமரி 1968இல் கணித்தார். பிற்காலத்தில் அந்த எண்ணைக் குறைத்துச் சொல்பவர்களும் உண்டு, எனினும் எச்சரிக்கை செல்லும்: கடலடியின் மேற்பரப்பில் இருப்பதெல்லாம் இன்றைய படிவு அல்ல.

ஐந்தாம் படி: உயிர்த் தடங்கள்

கழுவிய மணலை உருப்பெருக்கியின் கீழ் பரப்பி, ஃபோராமினிஃபெரா எனப்படும் ஒருசெல் உயிரிகளின் ஓடுகளைப் பொறுக்குங்கள். அவற்றுள் அம்மோனியா என்ற பேரினத்தின் ஓடுகள் மிகுந்திருந்தால் உவர்ப்புக் குறைந்த கழிமுகம் அருகில் இருந்திருக்கலாம். வங்காள விரிகுடாவின் ஆற்றுமுகத் திட்டுகளில் மூன்று முட்களோடு காணப்படும் அஸ்டெரோரொட்டாலியா ட்ரைஸ்பினோசாவை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். நீர்மேல் மிதந்து வாழ்ந்தவற்றின் பங்கு கூடிக்கொண்டே போனால், இடம் ஆழமாகிக்கொண்டோ திறந்த கடலாகிக்கொண்டோ வந்திருக்கிறது. இரட்டை ஓடுள்ள சிப்பி, இரண்டு ஓடுகளும் சேர்ந்தபடியே கிடைத்தால் அது அங்கேயே வாழ்ந்து மடிந்தது. ஒற்றை ஓடாக, விளிம்பு மழுங்கிக் கிடைத்தால் எங்கிருந்தோ உருண்டு வந்தது.

ஆறாம் படி: வயது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். செலவும் உழைப்பும் ஆய்வகத்தைச் சேர்ந்தவை, தேர்வு மட்டுமே உங்களுடையது. கார்பன் 14 முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகள்வரை உதவும். கடல் ஓடுகள் பழைய கார்பனையும் உட்கொண்டிருப்பதால் உலகச் சராசரியில் சுமார் 400 ஆண்டுகள் மூப்பாகக் காட்டும். அதற்கான திருத்தத்தையும், பிறகு நாட்காட்டி ஆண்டுகளாக மாற்றும் திருத்தத்தையும் செய்தீர்களா என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். திருத்திய வயதும் திருத்தாத வயதும் ஒரே அட்டவணையில் கலந்தால் பிறகு பிரிக்கவே முடியாது. மேலடுக்கின் சிப்பி கீழடுக்கின் சிப்பியைவிடப் பழையதாக வந்தால் ஆய்வகத்தைக் குறைசொல்வதற்கு முன், உருண்டு வந்த ஓட்டை அனுப்பிவிட்டோமா என்று பார்க்கவேண்டும். கடந்த நூறு ஆண்டுப் படிவுக்கு, 22 ஆண்டு அரைவாழ்வுள்ள கதிரியக்க ஈயம் 210 ஏற்றது.

ஏழாம் படி: இரண்டு தடங்களையும் பிரித்தல்

இதற்காகத்தான் இவ்வளவு தொலைவு வந்தோம். விதி எளியது: கரை எங்கிருந்தது என்பதற்கு ஒரு சான்று, வரத்து எவ்வளவு என்பதற்கு அதைச் சாராத வேறொரு சான்று. ஒரே சான்றை இரண்டுக்கும் பயன்படுத்தினால் நாமே நம் வாலைப் பிடித்துச் சுற்றுவோம்.

வங்காளத் திட்டின் வெளி விளிம்பில், 120 மீட்டரை ஒட்டிய ஆழத்தில், மீன்முட்டை போன்ற சுண்ணாம்பு உருண்டைகளாலான பழைய கடற்கரை மேடுகளை ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டு 1999இல் விவரித்தார்கள். ஊலைட் எனப்படும் இந்த உருண்டைகள் வெதுவெதுப்பான, தெளிந்த, அலை புரளும் ஆழமற்ற நீரில் உருவாகின்றன. இன்று பகாமாஸ் தீவுகளிலும் பாரசீக வளைகுடாவிலும் பார்க்கலாம். உலகிலேயே மிகுதியாகச் சேறு கொட்டும் ஆறுகளுள் ஒன்றின் வாசலில் அவை எப்படி உருவாயின? மேடுகளின் ஆழமும் காலமும் பனிக்கால உச்சத்தின் கரையைக் காட்டுகின்றன. முதல் கேள்விக்கு விடை கிடைத்தது. நீர் தெளிந்திருந்ததற்குப் பருவமழை நலிந்து வரத்து குறைந்ததே காரணம் என்று உடனே எழுதத் தோன்றும். அங்கேதான் நிற்கவேண்டும். கடல் தாழ்ந்திருந்தபோது ஆறு அந்த ‘அடியில்லாப்’ பள்ளத்தின் தலைவாயிலிலேயே வந்து விழுந்திருக்கும். எவ்வளவு சேறு வந்திருந்தாலும் அது திட்டின்மேல் தங்காமல் நேரே ஆழ்கடலுக்கு இறங்கியிருக்கலாம். அப்படியானால் தெளிந்த நீருக்குக் காரணம் மழை அல்ல, கடல்மட்டமே. ஊலைட்டை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல இயலாது.

ஆகவே வேறு சாட்சியைத் தேடவேண்டும். மிதந்து வாழ்ந்த ஃபோராமினிஃபெராக்களின் ஓட்டிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகள் (எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்கள்), அந்த உயிரிகள் வாழ்ந்த மேற்பரப்பு நீரின் வெப்பத்தையும் உவர்ப்பையும் பதிந்துவைத்திருக்கின்றன. வெப்பத்தைத் தனியே மதிப்பிட்டுக் கழித்தால் உவர்ப்பு தெரியும். ஆற்று நீர் மிகுதியாகக் கலக்கும் வங்காள விரிகுடாவில், பனிக்கால உச்சத்தில் மேற்பரப்பு இன்றைவிட உவர்ப்பாக இருந்தது என்பதை இந்த முறை காட்டியிருக்கிறது. நன்னீர் குறைந்தது, பருவமழை நலிந்திருந்தது என்ற விடையை இப்போது எழுதலாம். பள்ளத்தின் பங்கு பொய்யாகிவிடவில்லை. இரண்டும் சேர்ந்தே நீரைத் தெளியவைத்திருக்கக்கூடும்.

இரண்டாவது வழக்கு இதற்கு நேர்மாறானது. உலகின் பெரும்பாலான டெல்டாக்கள் 8,500 முதல் 6,500 ஆண்டுகளுக்கு முன், கடல் ஏற்றம் தளர்ந்த பிறகே உருவாகத் தொடங்கின என்று டேனியல் ஸ்டான்லியும் ஆண்ட்ரூ வார்னும் 1994இல் காட்டினர். கொள்ளிடம் கூடும் வேகத்துக்கு வரத்து ஈடுகொடுக்க முடியாமல் இருந்தது. ஏற்றம் தணிந்ததும் ஈடுகொடுக்க முடிந்தது. இது தூய கடல்மட்டத் தடம். ஆனால் வங்காள டெல்டா சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பே, கடல் வேகமாக ஏறிக்கொண்டிருக்கும்போதே, வண்டலைப் பிடித்து நிறுத்தத் தொடங்கிவிட்டது. ஸ்டீவன் குட்பிரெட், ஸ்டீவன் கியூல் இருவரும் துளைகளிலிருந்து படிவின் கன அளவைக் கணக்கிட்டு, 11,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன்புவரையான காலத்தில் வரத்து இன்றையதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்திருக்கவேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதினர். கடல்மட்டம் இதற்கு விளக்கம் ஆகாது. அது எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டிருந்தது. அக்காலத்தில் வட அரைக்கோளத்தின் கோடை வெயில் இன்றைவிட வலுத்திருந்ததும், ஓமான் நாட்டுக் குகைகளின் தரையிலிருந்து வளர்ந்த சுண்ணாம்புக் கூம்புகள் வலுத்த பருவமழையைக் காட்டுவதும் வேறிடத்துச் சான்றுகளாக ஒத்துப்போகின்றன.

உங்கள் உருளையில் சேற்றடுக்கு தடித்திருந்தால் இதே வரிசையில் கேளுங்கள். ஃபோராமினிஃபெராக்கள் ஆழம் கூடியதைக் காட்டுகின்றனவா? களிமண் கனிமங்கள் மாறியிருக்கின்றனவா? இமயத்து அரிப்பு இல்லைட்டையும் குளோரைட்டையும் கொடுக்கும். வெப்பமும் ஈரமும் பாறையை மக்கச்செய்யும் நிலம் ஸ்மெக்டைட்டைக் கொடுக்கும். ஆழம் மாறாமல் கனிமமும் படியும் வேகமும் மாறியிருந்தால் காலநிலையின் பக்கம் சாயலாம். ஆழம் மட்டும் மாறியிருந்தால் கடல்மட்டத்தின் பக்கம். இரண்டும் மாறியிருந்தால் இரண்டையும் எழுதி, எது முந்தியது என்று வயதைக் கேளுங்கள்.

மேல் அரை மீட்டரை மட்டும் தனியே நடத்துங்கள். 1934இல் கட்டிமுடிக்கப்பட்ட மேட்டூர் அணையைப் போல, வண்டலை நீர்த்தேக்கத்தில் நிறுத்திவைக்கும் அணைகள் வந்த பிறகு, வரத்துக் குறைவு என்பது மழைக் குறைவாக இருக்கவேண்டியதில்லை. ஈயம் 210 காட்டும் ஆண்டுகளுக்குப் பக்கத்தில், அந்த ஆற்றின் அணைகள் கட்டப்பட்ட ஆண்டுகளையும் ஒரு வரிசையாக எழுதிவைத்தால் இந்தக் குழப்பம் வராது.

வேலை முடிந்ததும், பிளந்த இரண்டு பாதிகளில் ஒன்றைத் தொடாமல் வையுங்கள். மாதிரி எடுப்பதெல்லாம் மற்றப் பாதியிலிருந்துதான். தொடாத பாதியை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் காற்றுப்புகாமல் சுற்றி, மேற்பக்கம் எது என்று அம்புக்குறி இட்டு, எடுத்த இடத்தின் ஆழத்தையும் நாளையும் அழியாத மையால் எழுதி, நான்கு டிகிரி செல்சியஸ் குளிரறையில் அடுக்குங்கள். அம்புக்குறியைக் குழாயின் மூடியில் போடாதீர்கள். மூடிகள் இடம் மாறும்; குழாயின் உடம்பிலேயே போடுங்கள்.